முதல் கோடையைத் தாண்டிவிட்டால் போதும்

கத்திரி முடிந்து ஆனி பிறந்துவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீர் பற்றித்தான். போர் வற்றியது, செடி கருகியது, இனி என்ன வைக்கலாம் என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். ஆடி பிறப்பதற்குள் இதைப் பேசிவிடுவது நல்லது. குழி எடுக்க இப்போதுதான் நேரம்.

காட்பாடி வாசகர்: புதிதாக வீடு கட்டியிருக்கிறோம். முன்புறம் ஒரு சென்ட் இடம் இருக்கிறது. போர் 650 அடி. ஒரு மணி நேரம் ஓடினால் அப்புறம் காற்றுதான் வருகிறது. தண்ணீரே ஊற்ற வேண்டாத செடிகளாகச் சொல்லுங்கள். வீட்டில் புல்தரை வேண்டும் என்கிறார்கள். போடலாமா?

ஐயா, தண்ணீரே வேண்டாத செடி என்று ஒன்று கிடையாது. வறட்சி தாங்கும் என்று சொல்லி நர்சரியில் கொடுக்கிற செடியும் முதல் வருஷம் குழந்தைதான். வேர் கீழே இறங்கிய பிறகுதான் அது தாங்கும். இதைச் சொல்லாமல் விற்பதால்தான் பலருக்கு அரளியே பட்டுப்போகிறது.

ஒன்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கிய சீத்தாக் கன்றுகளை வைத்தோம். அவர் தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றினார். நான் முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரம் இரண்டு முறை, மூன்றாம் மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரே ஒரு குடம். அடுத்த சித்திரையில் அவர் ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தார். கன்று காய்ந்துவிட்டது. இரண்டு பேருமாகத் தோண்டி எடுத்தோம். வேர் முழுவதும் நர்சரி கவரின் வடிவத்திலேயே உருண்டையாகச் சுருண்டு கிடந்தது. வெளியே வந்திருந்த நாலைந்து வேரும் மேல் மண்ணில் நாலு விரல் ஆழத்தில் படுத்திருந்தன. அந்த நாலு விரலில்தான் தினமும் தண்ணீர் கிடைத்தது. அதற்குக் கீழே போக வேர்களுக்குக் காரணமே இல்லை. அவர் குறைவாக ஊற்றவில்லை. கூட்டிப் பார்த்தால் என்னைவிட அதிகமாகவே ஊற்றியிருப்பார்.

அதனால் செடியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இரண்டு வேலை. கவரைக் கிழித்ததும் சுருண்ட வேரை விரலால் பிரித்து விடுங்கள். கெட்டியாகச் சுற்றியிருந்தால் பக்கவாட்டில் பிளேடால் மூன்று நாலு கீறல் போடுங்கள். அப்புறம், ஊற்றுகிற அன்று ஒரு முழம் ஆழம் நனையும்படி மெதுவாக ஊற்றுங்கள். நனைந்ததா என்று தெரியாவிட்டால் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். ஈரம் இருக்கும் வரை சுலபமாக இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும்.

புல்தரைக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி, ஏறத்தாழ 40 சதுர மீட்டர். நம் ஊர்க் கோடையில் புல்லைப் பச்சையாக வைக்க ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 200 லிட்டர் ஆகிறது. மாதத்துக்கு 6,000 லிட்டர், அதாவது ஒரு சின்ன டேங்கர் லாரி. ஒரு மணி நேரம் ஓடும் போரை நம்பி அதைச் செய்ய வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். பச்சைத் தரை வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்குப் பொடுதலை இருக்கிறது. ஏரிக்கரையிலும் வரப்பிலும் தரையோடு படர்ந்து, குட்டிக் குட்டி வெள்ளை ஊதாப் பூவோடு இருக்குமே, அதுதான். ஒரு கூடை வேரோடு பிடுங்கி வந்து, ஒரு சாண் இடைவெளியில் மழைக்காலத்தில் ஊன்றுங்கள். மூன்று நாலு மாதத்தில் மூடிவிடும். லேசாக மிதித்தாலும் தாங்கும், வெட்டுகிற வேலை குறைவு. கோடையில் சற்றுப் பழுத்துச் சோர்ந்து போகும். ஒரு மழைக்கு மறுபடி பச்சையாகும். பூவுக்குத் தேனீ வரும், அதனால் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் மட்டும் யோசியுங்கள்.

இனி செடிகள். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி நமக்கே அது பழகிவிட்டது. ஆனால் ஒரு மழைக்குப் பிறகு அந்த மலையடிவாரத்தில் நடந்து பாருங்கள். ஆவாரை, நொச்சி, பிரண்டை, சீத்தா, வேலி ஓரத்தில் கொடுக்காப்புளி என்று யாரும் ஊற்றாமல் நிற்பவை எத்தனை இருக்கின்றன! என் செடிப் பட்டியலை நான் அங்கிருந்துதான் எடுக்கிறேன்.

2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது நினைவிருக்கும். அடுத்த கோடையில் என் தோட்டத்துப் போர் நின்றுவிட்டது. பத்து வருஷமாக வளர்த்த பதினான்கு ரோஜாவும் ஒரு மாதத்தில் போயின. குடிக்கிற தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொண்டு ரோஜாவுக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்த வைகாசியில் தோட்டத்தில் மஞ்சளாகப் பூத்து நின்றது மூலையில் இருந்த ஆவாரை ஒன்றுதான். மாட்டுப் பொங்கல் மாலைக்கு என்று என் மாமியார் விதை போட்டு வைத்தது. அதற்கு நான் ஒருநாளும் தனியாகத் தண்ணீர் விட்டதில்லை. அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் புத்தி வந்தது.

ஆவாரை நர்சரியில் அவ்வளவாகக் கிடைக்காது. ஆணிவேர் நேராக இறங்கும் செடி, பெயர்த்து நட்டால் முரண்டு பிடிக்கும். காய்ந்த நெற்றிலிருந்து விதை எடுத்து, வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். உங்கள் ஒரு சென்டுக்கு மூலையில் ஒரு சீத்தா, சுவர் ஓரம் இரண்டு ஆவாரை, வேலிக்கு மருதாணி, ஜன்னலுக்கு எதிரே ஒரு நந்தியாவட்டை, நடுவில் பொடுதலை. இதுவே நிறைவாக இருக்கும். கறிவேப்பிலை ஒன்று கட்டாயம் வையுங்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நடுவதற்குச் சரியான நாள் ஆடிப்பெருக்குக்குப் பிறகு. நம் பக்கம் ஆவணி, புரட்டாசியிலும் மழை உண்டு, ஐப்பசி, கார்த்திகையிலும் உண்டு. இரண்டு பருவ மழையும் கிடைக்கிற ஊர் நம்முடையது. தை பிறக்கும்போது வேர் பிடித்திருக்கும். சித்திரையில் ஆசைப்பட்டு நட்டால் அந்தக் கன்றைக் காப்பாற்றுவதே ஒரு வேலையாகிவிடும்.

ஆரணி வாசகி: என் காகிதப்பூச் செடி மூன்று வருஷமாக இலையாகவே தழைக்கிறது, பூவே இல்லை. உரம் என்ன போடலாம்?

உரம் வேண்டாம் அம்மா, தண்ணீரை நிறுத்துங்கள். காகிதப்பூ கொஞ்சம் வாடினால்தான் பூக்கும். மூன்று வாரம் காயவிடுங்கள், இலை லேசாகத் தொங்கும்போது ஒரு முறை நன்றாக ஊற்றுங்கள், மறுபடி காயவிடுங்கள். நாள் முழுக்க வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். சாணி உரம் அள்ளிப் போட்டிருந்தால் இந்த வருஷம் அதையும் விட்டுவிடுங்கள்.

வாணியம்பாடி வாசகர்: எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது. செடிகளுக்கு இலை ஓரம் தீய்ந்தது போலாகி உதிர்கிறது. இந்தத் தண்ணீரில் எது வளரும்?

தம்பி, உங்களுக்கு இருப்பது இரட்டைக் கஷ்டம். தண்ணீரும் குறைவு, இருப்பதும் உப்பு. பாலாற்றங்கரையில் தோல் தொழில் நடந்த பல ஊர்களில் நிலத்தடி நீர் இப்படிக் கெட்டுப்போனது நெடுநாள் துயரம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

நடப்பது இதுதான். செடி தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உப்பை மண்ணில் விட்டுவிடுகிறது. வெயிலில் மேல் மண் காயும்போது கீழே இருக்கிற உப்பும் ஈரத்தோடு மேலே ஏறி வந்து படிகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் ஒவ்வொரு நாளும் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொண்டே போகிறீர்கள் என்று அர்த்தம். மண் ஈரமாக இருக்கும், ஆனால் உப்பு அதிகமானதால் வேரால் அதை இழுக்க முடியாது. அதுதான் இலை ஓரம் கருகுவது. பார்க்கிறவர்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உப்பு நீரையே தெளிப்பார்கள்.

உப்பு நீரை அடிக்கடி தெளிக்கக் கூடாது. நாள் விட்டு, ஊற்றுகிற அன்று நிறைய ஊற்றி உப்பை வேருக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். தொட்டியானால் அடித்துளை வழியாக நன்றாக வடிய வேண்டும். அடியில் தட்டு வைத்து வடிந்ததையே மறுபடி குடிக்க விடாதீர்கள். மண்ணுக்கு மேலே மூடாக்கு போட்டால் மேல் மண் காய்வது குறையும், உப்பு ஏறுவதும் குறையும். நம் பக்கம் மல்லாட்டைத் தோலைவிட, அதாவது வேர்க்கடலைத் தோலைவிட, நல்ல மூடாக்கு எனக்குத் தெரியவில்லை. ஆலையில் மூட்டையாகக் கிடைக்கும். மூன்று விரல் உயரம் பரப்புங்கள், தண்டைத் தொடாமல் நாலு விரல் விட்டு. கரையான் வரும் மண்ணாக இருந்தால் அடியில் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு தூவிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் மழைத்தண்ணீர். 2003லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு கொண்டுவந்தது. அப்போது வைத்த குழாய் பல வீடுகளில் இன்று குப்பை அடைத்துக் கிடக்கிறது. 800 சதுர அடி மொட்டை மாடியில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டருக்கு மேல் விழும். அந்தக் குழாயைச் சுத்தம் செய்து செடிப் பாத்தியின் பக்கம் திருப்பிவிடுங்கள். இரண்டு நல்ல மழை பாத்தி வழியே இறங்கினால் ஒரு கோடையின் உப்பில் பெரும்பகுதி கீழே போய்விடும். வீட்டில் ஏசி இருந்தால் அதிலிருந்து சொட்டும் நீரில் உப்பே கிடையாது. தொட்டிச் செடிக்கு அதைப் பிடித்து வையுங்கள்.

வேம்பு, புங்கன், பூவரசு, காகிதப்பூ, அரளி, கற்றாழை இவை உப்பை ஓரளவு பொறுக்கும். மாதுளையும் முயன்று பார்க்கலாம். எலுமிச்சை, ரோஜா, பீன்ஸ் வேண்டாம், காசுதான் வீண். கீரையும் காய்கறியும் வைப்பதற்கு முன் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். ஆலைக் கழிவு கலந்த நீராக இருந்தால் சாப்பிடுகிற எதையும் அதில் வளர்க்காதீர்கள். பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது, முடிவை எப்படிப் படிப்பது என்பதற்கு விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். மண்ணைத் திருத்த ஜிப்சம் போடுங்கள் என்று யாராவது சொன்னாலும் அந்த முடிவு கையில் வந்த பிறகு போடுங்கள்.

ராணிப்பேட்டை வாசகி: ஆர்.ஓ. மெஷினில் வீணாகப் போகும் தண்ணீரையும் வாஷிங் மெஷின் தண்ணீரையும் செடிக்கு விடலாமா?

ஆர்.ஓ. கழிவில் உங்கள் குழாய் நீரைவிட உப்பு அதிகம். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். துணி அலசிய கடைசித் தண்ணீரை மட்டும், அதுவும் வாழை, கல்வாழைக்கு விடலாம். சோப்பு நுரை உள்ள முதல் தண்ணீர் வேண்டாம். அரிசி, காய் கழுவிய நீரை எதற்கு வேண்டுமானாலும் ஊற்றுங்கள்.

குடியாத்தம் வாசகர்: மொட்டை மாடியில் முப்பது தொட்டி வைத்திருந்தேன். தினமும் காலை, மாலை தண்ணீர் விட்டும் கத்திரியில் எல்லாம் கருகிவிட்டது. மண் தொட்டி நல்லதா, பிளாஸ்டிக்கா?

முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். முப்பதைச் சாகக் கொடுப்பதைவிடப் பன்னிரண்டை நன்றாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வேளை ஊற்றியும் கருகியது என்கிறீர்கள். எனக்குத் தென்னைநார்க் கழிவின் மேல்தான் சந்தேகம். மாடிக்குக் கனம் குறைய வேண்டும் என்று அதை நிறையக் கலந்திருப்பீர்கள். அது ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சுலபமாக உள்ளே விடாது. ஊற்றுகிற நீர் தொட்டியின் ஓரமாக ஓடி அடித்துளையில் வடிந்துவிடும். நாம் வடிவதைப் பார்த்துப் போதும் என்று நினைப்போம். நடுவில் வேர் உலர்ந்தே இருக்கும். ஒரு தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஊற்றிய பிறகும் கனமில்லாமல் இருந்தால் இதுதான் காரணம். அதை அப்படியே ஒரு அகலமான டப்பில் தண்ணீருக்குள் இறக்கி, குமிழி வருவது நிற்கும் வரை வையுங்கள்.

மண் தொட்டியின் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் போகும். வேர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். அதனால் கற்றாழை, அடினியம், மருள், பிரண்டை போன்ற சதைப்பற்றுச் செடிகளுக்கு மண் தொட்டி. மற்றதற்கு வெளிர் நிறத்தில் தடித்த பிளாஸ்டிக் தொட்டி. கறுப்புத் தொட்டி நம் வெயிலில் வேரை வேகவைத்துவிடும். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி அழகாக வைக்காமல் ஒன்றோடொன்று ஒட்டி, மேற்குக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கமாகச் சேர்த்து வையுங்கள். அப்படி வைத்தால் மாலை வெயில் படாது. அடியில் செங்கல் வைத்துத் தரைச் சூட்டிலிருந்து தூக்குங்கள். பங்குனியிலேயே பாதி நிழல் தரும் பச்சை வலை கட்டிவிடுங்கள்.

பூவுக்கு டேபிள் ரோஸ் போதும், பத்து மணிக்கு மலர்ந்து மாடியையே நிறைத்துவிடும். ஓமவல்லி ஒரு கிளையை ஒடித்து ஊன்றினால் வரும். அடுத்த வருஷம் இதோடு நிறுத்திக்கொண்டு பாருங்கள்.

ஒடுகத்தூர் ஆசிரியை: பள்ளி வளாகத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து செடி வைக்கப் போகிறோம். கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. அரளிதான் சாகாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். வைக்கலாமா?

டீச்சர், அரளி சாகாதுதான். ஆனால் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். பொன்னரளிக் கொட்டை இன்னும் ஆபத்து, பார்க்க விளையாட்டுச் சாமான் போலவே இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இரண்டும் வேண்டாம். என் தோட்டத்தில் அரளி உண்டு, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அதை யாருக்கும் நான் சொல்வதில்லை. நித்தியகல்யாணி அழகாகப் பூக்கும், அதுவும் வாயில் போடக் கூடாத செடி என்று சொல்லிக்கொடுத்து வையுங்கள்.

உங்களுக்கு நல்லது மரங்கள். நெல்லி, நாவல், வேம்பு, புங்கன். மலைப் பக்கத்து ஊர், மண் நன்றாக இருக்கும். ஆவணியில் நட்டால் விடுமுறைக்கு எட்டு மாதம் இருக்கிறது. முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒரு நாள் வந்து ஊற்ற ஊருக்குள்ளேயே இருக்கும் இரண்டு பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுங்கள். அவர்கள் கட்டாயம் வருவார்கள். வேலிக்கம்பியில் சங்குப்பூ ஏற்றிவிடுங்கள். கோடையில் காய்ந்தாலும் விதை விழுந்து மழைக்கு மறுபடி முளைக்கும்.

வாலாஜா வாசகி: நாளைக்கு இரண்டு பக்கெட் தண்ணீர்தான் தோட்டத்துக்கு மிஞ்சும். வீட்டுக்கு வேண்டிய காய் கொஞ்சமாவது வருமா? இலவம்பாடி முள்ளுக் கத்தரி வைக்க ஆசை.

வரும். ஒரு முருங்கை வைத்துவிடுங்கள், கீரையும் காயும் அதிலேயே ஆகிவிடும். கோவைக்காய் ஒரு கொடி, சுண்டைக்காய் ஒரு செடி, ஆடிப்பட்டத்தில் கொத்தவரையும் காராமணியும். இவை அத்தனையும் தண்ணீர் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும்.

முள்ளுக் கத்தரி நம் ஊர்ச் சொத்து. 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்தக் காயில் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தால் வரும் ருசி வேறு எதிலும் வராது. ஆனால் குறைந்த தண்ணீர்ச் செடி என்று அதை நான் சொல்ல மாட்டேன். காய் பிடிக்கும் நேரத்தில் மண் காய்ந்தால் பூ உதிரும். ஆசை இருப்பதால் நாலே செடி வையுங்கள், பானைப் பாசனத்தில்.

ஐந்து லிட்டர் பிடிக்கிற சாதாரண மண் பானை ஒன்று வாங்குங்கள். வேலூர் பக்கம் கரிகிரியில் செய்கிறார்களே மெருகு பூசிய பானை, அது வரவேற்பறைக்கு அழகு, இதற்கு ஆகாது. மெருகு இருந்தால் நீர் கசியாது. வாங்கி வந்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் நிழலில் வையுங்கள். மறுநாள் பானையின் வெளிப்பக்கத்தைத் தடவினால் கை ஈரமாக வேண்டும். ஆகாவிட்டால் அந்தப் பானையைக் குடிதண்ணீருக்கு எடுத்துக்கொண்டு வேறு வாங்குங்கள். கசிகிற பானையைக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, சுற்றிலும் மண்ணும் தொழு உரமும் கலந்து இடைவெளி இல்லாமல் கெட்டியாக அமுக்குங்கள். ஒரு சாண் தள்ளி நாலு பக்கமும் நாலு நாற்று. நிரப்பிவிட்டால் மண் காயக் காயப் பானை கசியும், மண் ஈரமாக இருந்தால் கசிவு குறைந்துவிடும். வேர்கள் பானையைத் தேடி வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும். நாற்று பிடிக்கும் முதல் பத்து நாள் மட்டும் மேலேயும் ஊற்றுங்கள். அப்புறம் எனக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் போதுமாக இருக்கிறது, கத்திரி வெயிலில் இரண்டு நாளைக்கு ஒரு முறை.

வருஷத்துக்கு ஒரு தரம் தோண்டி எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள், உப்புப் படிந்து கண் அடைத்துக்கொள்ளும். வாயைத் திறந்து வைக்காதீர்கள். கொசு முட்டையிடும், அணில் விழும். உடைந்த ஓடு ஒன்றை மூடினால் போதும், காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்.